பட்டியலில் இல்லாத பெயர்கள்

சில வருடங்களுக்கு முன்னர் நான் கணிதம் கற்பித்த ஒரு பாடசாலையில், வலயமட்டப் போட்டிக்காக வலைப்பந்தாட்ட அணி தெரிவு செய்தார்கள். பிள்ளைகள் எறியும் பந்துகளைக் குறித்துக் கூட்டிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்திருந்தார்கள். 12 பேரை எடுக்க வேண்டும். பன்னிரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் பதின்மூன்றாவதாக வந்த பிள்ளைக்கும் இருந்த வித்தியாசம், 20 எறிதல்களில் ஒரேயொரு பந்து. மறுநாள் காலை அறிவித்தற் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. பதின்மூன்றாவது பிள்ளை அதைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போனாள். அன்று பின்னேரம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொருத்திக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பயிற்றுவித்த ஆசிரியை என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பதின்மூன்றாவது பிள்ளையைத் தேடி வற்றாப்பளைக்குப் போனார். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்த பின்னேரம். தாயார் கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். வந்த விடயத்தைச் சொன்னோம்.

"பேர் இல்லையெண்டு நீங்கள்தானே டீச்சர் ஒட்டினீங்கள். சப்பாத்தைத் தங்கச்சிக்குக் குடுத்திட்டாள். இனி இது வேண்டாமாம். ரியூசனுக்குப் போகத் தொடங்கிட்டாள்" என்றார் தாயார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. நாங்கள் பத்துப் பேருடன் போட்டிக்குப் போனோம்.

அந்தப் பிள்ளையில் எந்தப் பிழையும் இல்லை. பட்டியல் என்றால் என்ன, அதில் இல்லாதவருக்கு என்ன வாய்ப்பு மிச்சமிருக்கிறது என்பதை நாங்கள்தான் அவளுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கும் அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதே உண்மை. பிறகு அதைத் தேடி வாசித்தேன். அறிந்ததை மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் ஒரு பெரிய பட்டியல்

இந்தக் கணக்கை மிக வெளிப்படையாகப் பார்க்கக்கூடிய இடம் அமெரிக்கா. அங்கே மக்கள் அதிகம் பார்க்கும் விளையாட்டு அமெரிக்க உதைபந்தாட்டம். பெயர்தான் உதைபந்தாட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவார்கள். நம் நாட்டில் றகர் பார்த்தவர்களுக்கு ஓரளவு விளங்கும். அந்த விளையாட்டின் தொழில்முறைப் போட்டித்தொடர் என்.எப்.எல். எனப்படுகிறது. அதில் 32 அணிகள் இருக்கின்றன.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தில், பல்கலைக்கழகங்களில் ஆடிய இளைஞர்களை இந்த அணிகள் வரிசையாகத் தெரிவு செய்கின்றன. இதை 'டிராஃப்ட்' என்கிறார்கள். ஐ.பி.எல். ஏலம்போல இங்கே விலை கூறுவதில்லை. முந்திய பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு முதலில் தெரிவு செய்யும் உரிமை. இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். 2024 ஆம் ஆண்டு 257 பேர் தெரிவானார்கள். ஒவ்வொரு பெயரும் தொலைக்காட்சியில் அறிவிக்கப்படும். குடும்பங்கள் வீட்டில் கூடியிருந்து காத்திருக்கும். ஏழாவது சுற்றும் முடிந்து பெயர் வராவிட்டால் அந்த வீட்டின் நிலை எப்படியிருக்கும் என்பதை, பரீட்சைப் பெறுபேறு பார்த்த நமது வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. கடைசிப் பெயர் அறிவிக்கப்பட்ட சில மணித்தியாலங்களுக்குள், தெரிவாகாத இளைஞர்களில் பலரை அணிகள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கும். காரணம் எளிது. கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு ஒவ்வோர் அணியும் 90 பேர்வரை சேர்க்கலாம். பழைய வீரர்களையும் புதிதாகத் தெரிவானவர்களையும் கூட்டினாலும் இடம் மிஞ்சும். அந்த இடங்களுக்குத் தெரிவாகாதவர்கள் போகிறார்கள். சம்பளம் குறைவு, உத்தரவாதம் கிட்டத்தட்ட இல்லை.

ஓகஸ்ட் கடைசியில் அந்த 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். ஓர் அணியில் 37 பேர் வெளியே. 32 அணிகளையும் சேர்த்தால் 1,184 பேர். ஒரு சில நாட்களுக்குள் இத்தனை பேர் வேலை இழக்கிறார்கள். அவர்களில் சிலரை 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பயணப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டு கணக்குகள், இரண்டும் உண்மை

இப்போது பலர் தடுமாறும் இடத்துக்கு வருகிறோம். "தெரிவாகாதவர்களில் மிகச் சிலரே அணியில் நிலைக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்வார். "என்.எப்.எல். அணிகளில் ஆடுபவர்களில் கால்வாசிக்குக் குறையாதவர்கள் டிராஃப்டில் தெரிவாகாதவர்கள்" என்று இன்னொருவர் சொல்வார். ஒன்று மனத்தை உடைக்கிறது, மற்றது தூக்கி நிறுத்துகிறது. எது சரி? இரண்டும் சரி.

ஒரு சிறிய கற்பனைக் கணக்கால் இதை விளங்கிக்கொள்ளலாம். தெரிவானவர்கள் 10 பேர், தெரிவாகாதவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். தெரிவான 10 பேரில் 7 பேர் கடைசியில் அணியில் நிலைக்கிறார்கள். தெரிவாகாத 100 பேரில் 3 பேர் நிலைக்கிறார்கள். இப்போது அணியில் 10 பேர். அந்தப் பத்துப் பேரைப் பார்ப்பவர், "அட, பத்தில் மூன்று பேர் தெரிவாகாதவர்கள்!" என்று வியப்பார். அந்த நூறு பேரில் ஒருவராக நிற்பவருக்கோ, வாய்ப்பு நூற்றுக்கு மூன்று மாத்திரமே.

அணியைப் பார்த்து எடுக்கும் கணக்கு வேறு, வெளியே நிற்பவரைப் பார்த்து எடுக்கும் கணக்கு வேறு. வெற்றி பெற்றவர்களின் கதைகளை மட்டும் வாசிப்பவர் முதற்கணக்கை மட்டும் காண்கிறார். அதனால் ஆசை பெருகுகிறது. பலகையில் பெயர் இல்லை என்று திரும்பிப் போகிறவர் இரண்டாவது கணக்கையும் கைவிட்டு, வாய்ப்பு பூச்சியம் என்று முடிவு செய்கிறார். நூற்றுக்கு மூன்று சிறிய எண்தான். ஆயினும் அது பூச்சியமன்று.

கடையில் வேலை செய்தவர்

இதற்கு அமெரிக்காவில் எல்லாரும் சொல்லும் உதாரணம் கேட் வோர்னர். 1994 ஆம் ஆண்டு டிராஃப்டில் அவரை எவரும் எடுக்கவில்லை. கிறீன் பே பெக்கர்ஸ் என்ற அணி முகாமுக்கு அழைத்தது. பருவம் தொடங்குமுன் விலக்கியது. அவர் ஊருக்குத் திரும்பி, ஒரு பல்பொருள் அங்காடியில் இரவு வேளைகளில் தட்டுகளில் பொருள் அடுக்கினார். மணித்தியாலத்துக்கு ஐந்தரை டொலர் கூலி. பிறகு உள்ளரங்கில் ஆடப்படும் சிறிய லீக் ஒன்றில் ஆடினார். 1999 இல் சென் லூயிஸ் ராம்ஸ் அணியில் மேலதிக வீரராக இருந்தபோது, முதன்மை வீரருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அந்த இடத்தில் வோர்னர் இறங்கினார். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் அவரே. 2000 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியிலும் அவருடைய அணி வென்றது. 2017 இல் அந்த விளையாட்டின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. கதவு அவருடைய திறமையால் மட்டும் திறக்கவில்லை. இன்னொருவரின் முழங்காலால் திறந்தது. அது எப்போது திறக்கும் என்று எவரும் அவருக்குத் திகதி குறித்துக் கொடுக்கவில்லை. திறந்த நாளில் அவர் கதவுக்குப் பக்கத்தில் ஆயத்தமாக நின்றார். அதேபோல ஆயத்தமாக நின்றும் கதவு திறக்காமற் போனவர்கள் பல நூறு பேர். அவர்களுடைய பெயர்களை எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை.

நமது நாட்டில் சமரி

தூரத்து உதாரணம் போதும். நமது நாட்டுக்கு வருவோம். குருநாகல் மாவட்டத்தின் கொக்கரெல்லையைச் சேர்ந்தவர் சமரி அத்தபத்து, இலங்கை மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவி. 2017 உலகக் கிண்ணப் போட்டியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை எடுத்த 257 ஓட்டங்களில் 178 ஓட்டங்கள் அவர் ஒருவர் ஆட்டமிழக்காமல் எடுத்தவை.

2023 பெப்ரவரியில் இந்தியாவில் மகளிர் பிரிமியர் லீக்கின் முதலாவது ஏலம் நடந்தது. ஏலப்பட்டியலில் 409 பேர். அவர்களில் வெளிநாட்டு வீராங்கனைகள் 163 பேர். ஐந்து அணிகள், ஓர் அணிக்கு ஆறு வெளிநாட்டவர், ஆகவே மொத்தம் 30 இடங்கள். 163 பேருக்கு 30 இடம் என்றால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கே இடம். மிகுதி 133 பேர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியே நிற்கத்தான் வேண்டும். அந்த 133 பேரில் சமரியும் ஒருவர். எந்த அணியும் அவருக்கு விலை கூறவில்லை.

அதே வருடம் யூலையில் ஒருநாள் போட்டித் துடுப்பாட்டத் தரவரிசையில் அவர் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் இலங்கைப் பெண் அவரே. செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மகளிர் பிக் பாஷ் லீக், அமெரிக்கர்களைப் போலவே டிராஃப்ட் முறையில் வெளிநாட்டு வீராங்கனைகளைத் தெரிவு செய்தது. எட்டு அணிகளும் அவரைத் தாண்டிப் போயின. பிறகு சிட்னி தண்டர் அணி அவரைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரில் அவர் எடுத்த ஓட்டங்கள் 552. தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தது.

இனியாவது எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அந்தப் பிக் பாஷ் முடிந்த கையோடு, 2023 டிசெம்பர் 9 ஆம் திகதி மும்பாயில் மகளிர் பிரிமியர் லீக்கின் அடுத்த ஏலம் நடந்தது. இம்முறை வெளிநாட்டவர் 61 பேர், இடங்கள் 9. சமரி மறுபடியும் விலைபோகவில்லை. பின்னர் உத்தரப் பிரதேச அணியான யு.பி. வொரியர்ஸிலிருந்து இங்கிலாந்தின் லோரன் பெல் விலகியபோது, அவருடைய இடத்துக்குச் சமரி அழைக்கப்பட்டார். கிடைத்த தொகை 30 இலட்சம் இந்திய ரூபாய்; ஏலத்தின் அடிப்படை விலை.

2024 யூலையில் தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்றது. சமரி 61 ஓட்டங்கள் எடுத்தார். தொடரின் சிறந்த வீராங்கனையும் அவர்தான்.

உலகின் முதலிடத்தில் நின்ற ஒருவர் ஏன் ஒன்பது இடங்களுக்குள் வரவில்லை? அந்த ஒன்பது இடங்களும் ஒரே வகையான இடங்களாக இருப்பதில்லை. ஓர் அணிக்கு வேகப்பந்து வீச்சாளர் தேவை, இன்னோர் அணிக்கு விக்கெட் காப்பாளர் தேவை. ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் ஏற்கெனவே இருக்கிறார். தெரிவு செய்பவர் "யார் திறமைசாலி?" என்று மட்டும் கேட்பதில்லை. "இன்று என்னிடம் உள்ள வெற்றிடத்துக்கு யார் பொருந்துவார்?" என்றும் கேட்கிறார். ஆகவே ஒரு பட்டியல் நமக்குச் சொல்வது, அன்று எத்தனை இடம் இருந்தது, எப்படிப்பட்ட இடம் இருந்தது என்பதையே. நமது தகுதியின் முழு அளவை அது சொல்லிவிடாது.

கதவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர் மதீஷ பத்திரன 2021 இல் சென்னை சுப்பர் கிங்ஸ் அணியின் மேலதிகப் பந்துவீச்சாளராகப் பெயர் குறிக்கப்பட்டார். மேலதிக வீரர் பயிற்சியில் பந்து வீசுவார். போட்டியில் ஆட மாட்டார். 2022 இல் நியூசிலாந்தின் அடம் மில்ன் காயமடைந்தபோது, அந்த இடத்துக்கு 20 இலட்சம் ரூபாய்க்குப் பத்திரன வந்தார். தமது முதற்போட்டியின் முதற்பந்திலேயே விக்கெட் எடுத்தார். 2025 பருவத்துக்காகச் சென்னை அவரைத் தக்கவைத்துக்கொண்ட தொகை 13 கோடி.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்தையும் நம்மில் பலர் அறிவோம். 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணிக்கு ஆடினார். 2024 இல் வனிந்து ஹசரங்க காயத்தால் விலக, அவருடைய இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் 50 இலட்சம் ரூபாய்க்குச் சேர்க்கப்பட்டார். மே 8 ஆம் திகதி ஐ.பி.எல். ஆடுகளத்தில் முதன்முதல் பந்து வீசினார்.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவான விடயங்கள் சில உண்டு. முதலாவது, எவருக்கும் கதவு திறக்கும் நாள் தெரியாது. இரண்டாவது, திறக்கும் நாளில் அவர்கள் பயிற்சியில் இருந்தார்கள். பயிற்சியை விட்டு ஆறு மாதமானவரை எவரும் அழைப்பதில்லை. மூன்றாவது, பிறர் விரும்பாத வேலையை ஏற்றுக்கொண்டார்கள். வலைப்பயிற்சியில் பந்து வீசுவது அப்படிப்பட்ட வேலை. அமெரிக்க உதைபந்தாட்டத்திலும், பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கும் வேளையில் ஓடி மோதும் கடினமான வேலை ஒன்றுண்டு. தெரிவாகாத இளைஞர்கள் பெரும்பாலும் அந்த வேலை வழியாகத்தான் அணிக்குள் நுழைகிறார்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இதை வாசித்துவிட்டு, படிப்பை விட்டுவிட்டு விளையாட்டையே நம்பியிருக்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது கணக்கை மறக்க வேண்டாம்: வெளியே நிற்பவருக்கு வாய்ப்பு நூற்றில் சில. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளில் ஆடுபவர்களிலேயே நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்.எப்.எல். வரை போவதில்லை. மிகுதிப் பேருக்குக் கைகொடுப்பது அவர்கள் பெற்ற பட்டமும் கற்ற தொழிலுமே. ஆகவே முயற்சிக்கு ஒரு கால எல்லை வைத்துக்கொள்வது நல்லது. "இந்தப் பருவம் முடியும்வரை பயிற்சிக்குப் போகிறேன், பாடமும் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளையும் பெற்றோரும் பேசி முடிவு செய்யலாம். அந்த எல்லைக்குப் பிறகு விடுவதில் வெட்கமில்லை. பட்டியலைப் பார்த்த அதே பின்னேரத்தில் விட்டுவிடுவதுதான் நட்டம்.

பல்கலைக்கழக அனுமதிக்கும் இது ஓரளவு பொருந்தும். வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடம், அந்த மாவட்டம், அந்தப் பாடநெறி ஆகியவற்றின் இடங்களைப் பொறுத்த கோடு. முதற்சுற்று அனுமதிக்குப் பிறகு வெற்றிடங்கள் நிரப்பப்படுவதும் உண்டு. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளை, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் பயன்படக்கூடிய ஒரு வேலையில் அந்த மாதங்களைச் செலவிட வேண்டும்.

தெரிவு செய்யும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. 20 எறிதல்களில் ஒரு பந்து என்பது மிகச் சிறிய வித்தியாசம். அதே பிள்ளைகள் அடுத்த நாள் எறிந்திருந்தால் பன்னிரண்டும் பதின்மூன்றும் இடம் மாறியிருக்கலாம். அந்த உண்மையை அறிந்தவர்கள் பலகையில் வெறுமனே 12 பெயரை ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. வெளியே நிற்கும் பிள்ளைக்கு அவள் எவ்வளவு கிட்ட நிற்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வற்றாப்பளைக்குப் போய்வந்த அடுத்த வருடம், அதே பாடசாலையில் மறுபடி பட்டியல் எழுதினோம். பன்னிரண்டு பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அடுத்து வந்த நான்கு பெயர்களையும் புள்ளிகளோடு எழுதினோம். அதன் கீழே இரண்டு வரிகள் சேர்த்தோம்: "மேலே உள்ள பதினாறு பேரும் பின்னேரப் பயிற்சிக்கு வரவும். இரண்டு கிழமைக்குப் பின் மறுபடி பார்ப்போம்."

முதல் நாள் பின்னேரம் பதினாறு பேரும் மைதானத்தில் நின்றார்கள்.